பல் கிளினிக் நாற்காலியின் ஒரு மணி நேரம்: பினாங்கில் ஒரு தனியார் கிளினிக் எதனால் நிற்கிறது, எதனால் சாய்கிறது

பட்டர்வொர்த்திலிருந்து புக்கிட் மெர்தாஜாம் வரை காரில் போனால் வழியில் எத்தனை பல் கிளினிக் பலகைகள்! சில இடங்களில் ஒரே கடை வரிசையில் இரண்டு மூன்று இருக்கின்றன. கடைகள் கூடினால் விலை இறங்கும் என்பது சந்தை வழக்கம். பல் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. ஒரு சொத்தையை அடைக்கவே நூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறது. கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால், அதாவது வேர் சிகிச்சை, என்றால் ஆயிரத்தைத் தொடுகிறது. அதே சமயம், இவ்வளவு வாங்குகிற கிளினிக்குகளில் சில, திறந்து இரண்டு மூன்று வருடத்திலேயே சத்தமில்லாமல் கைமாறிவிடுகின்றன.

நோயாளிக்கு விலை கட்டுப்படியாகவில்லை, மருத்துவருக்கு வரவு போதவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும்? இந்தக் கேள்வி நோயாளிக்கு மட்டும் உரியதில்லை. பிள்ளையை இங்கேயோ இந்தியாவிலோ பல் மருத்துவம் படிக்க வைத்துவிட்டு, சொந்த கிளினிக் வைத்துத் தர வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். 2016 முதல் அரசாங்கப் பணியில் ஒப்பந்த நியமனம் வந்த பிறகு, நிரந்தர வேலைக்குக் காத்திருக்காமல் தனியார் பக்கம் வரும் இளம் மருத்துவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

நாற்காலி நேரம்: நோயாளி சிகிச்சை நாற்காலியில் இருக்கும் நேரம். கிளினிக் விற்பது இதைத்தான். கடையில் விற்காமல் போன அரிசியை நாளைக்கு விற்கலாம். இன்று காலை 11 மணிக்குக் காலியாக இருந்த நாற்காலியை நாளைக்கு விற்க முடியாது.

நிலைச் செலவு: ஒருவர் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் போகும் பணம். வாடகை, சம்பளம், கடன் தவணை எல்லாம் இதில் அடங்கும்.

மறு அழைப்பு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கும் ஸ்கேலிங்குக்கும் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) நோயாளியைத் திரும்பக் கூப்பிடும் ஏற்பாடு.

பேனல்: தொழிற்சாலையோ நிறுவனமோ தன் ஊழியர்களின் பல் செலவை ஏற்றுக்கொண்டு, குறிப்பிட்ட கிளினிக்குகளுக்கு அவர்களை அனுப்புவது.

கதவு திறப்பதற்கு முன்

பல் மருத்துவர் பட்டம் இருந்தால் கடை எடுத்துப் பலகை மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. குறைந்தது இவ்வளவு வேண்டும்:

1. மருத்துவரின் பதிவு. மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பெயர் இருக்க வேண்டும். அதோடு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழும் வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டம் (சட்டம் 804) 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர் கல்விப் புள்ளிகளும் தேவை.

2. கிளினிக்கின் பதிவு. இது மருத்துவரின் பதிவிலிருந்து வேறானது. 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் (சட்டம் 586) கீழ் சுகாதார அமைச்சு தருவது. சட்டம் 1998இல் இயற்றப்பட்டாலும் 2006இல்தான் விதிமுறைகளோடு அமலுக்கு வந்தது. பதிவில்லாமல் நடத்தும் தனிநபருக்கு 3 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

3. எக்ஸ்ரே உரிமம். பல்லுக்கான சின்ன எக்ஸ்ரே கருவி என்றாலும் கதிர்வீச்சு கதிர்வீச்சுதான். 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம் இதற்குப் பொருந்தும். மருத்துவப் பயன்பாட்டுக்கான உரிமத்தைத் தருவது சுகாதார அமைச்சு.

4. கழிவு. ரத்தம் பட்ட பஞ்சும் ஊசியும் பிடுங்கிய பல்லும் வீட்டுக் குப்பையோடு போகக் கூடாது. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில் மருத்துவக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 404 என்ற குறியீடு உண்டு. உரிமம் பெற்ற நிறுவனம்தான் எடுத்துச் செல்ல வேண்டும். ஊசிகளுக்குத் தனிப் பெட்டி கட்டாயம்.

5. விளம்பரம். 1956ஆம் ஆண்டு மருந்து (விளம்பரம், விற்பனை) சட்டத்தின்படி மருத்துவச் சேவை விளம்பரத்துக்கு அமைச்சின் விளம்பர வாரிய ஒப்புதல் வேண்டும். விளம்பரத்தின் ஓரத்தில் 'கேகேஎல்ஐயு' என்று தொடங்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அந்த ஒப்புதல்.

இவை எல்லாம் முடிய மாதங்கள் ஆகும். வாடகை மட்டும் சாவி வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பதிவு கிடைக்கும் வரை வாடகையில்லாத சில மாதங்களைக் கடை உரிமையாளரிடம் பேசி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது அனுபவம் உள்ளவர்கள் தவறாமல் செய்யும் காரியம். புதிதாக வருபவர்கள் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள்.

கடைவீடு அழகுதான், ஆனால் குழாய் எங்கே போகும்?

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டில் கிளினிக் வைக்க ஆசைப்படுபவர்கள் அதிகம். லிட்டில் இந்தியா பக்கம் நடந்து போகும் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும்.

ஆனால் பல் சிகிச்சை நாற்காலி ஒரு சாதாரண நாற்காலி இல்லை. அதன் அடியில் ஐந்து இணைப்புகள் வந்து சேர வேண்டும்: தண்ணீர் வரும் குழாய், அழுத்தக் காற்றுக் குழாய், எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சும் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி. கீழ்த்தளம் என்றால் தரையை உடைத்துப் புதைக்கலாம். மாடியில் பலகைத் தளம் என்றால் மேடை கட்டி அதற்குள் குழாய் ஓட்ட வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு கிடைக்காவிட்டால் நாற்றம் வரும், அடைக்கும். காற்றழுத்த இயந்திரத்தை எங்கே வைப்பது என்பது இன்னொரு தலைவலி. அதன் அதிர்வு சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, பாரம்பரிய வட்டாரத்துக்குள் கட்டடத்தில் கை வைக்க மாநகர் மன்றத்தின் அனுமதி நடைமுறைகள் கூடுதல். சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்கு மாடிப்படி ஏற முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும், பாயான் பாருவிலோ பிறையிலோ வண்டி நிறுத்த இடமுள்ள புதிய கீழ்த்தளக் கடையே பல சமயம் மலிவாக முடிகிறது.

ஒரு மணி நேரத்தின் விலை

இனி கணக்கு. கீழே வரும் தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு. ஒவ்வொரு கிளினிக்கிலும் எண்கள் மாறும், கணக்கு போடும் முறை மாறாது.

ஒரே மருத்துவர், அவரே உரிமையாளர் என்று வைத்துக்கொள்வோம். மாத நிலைச் செலவு: வாடகை 4,500 ரிங்கிட். மூன்று உதவியாளர்களுக்குச் சம்பளமும் ஊழியர் சேமநிதி, சொக்சோ பங்கும் சேர்த்து 7,200. புதுப்பிப்பு வேலைக்கும் கருவிகளுக்கும் வாங்கிய கடனின் தவணை 6,800. மின்சாரம், தண்ணீர், இணையம் 1,500. பழுதுபார்ப்பு, கழிவகற்றல், உரிமங்கள், காப்புறுதி 2,000. மருத்துவரின் சொந்தச் சம்பளம் 10,000. ஆக மொத்தம் 32,000 ரிங்கிட்.

மருத்துவரின் சம்பளத்தையும் செலவில் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். பலர் இதைச் சேர்ப்பதில்லை. 'மிச்சம் இருப்பது எனக்கு' என்று விட்டுவிடுவார்கள். மிச்சமே இல்லாத மாதங்களில், கிளினிக் நஷ்டத்தில் ஓடுகிறது என்பது அவர்களுக்கே தெரியாமல் போகும்.

மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஆக 200 மணி நேரம். அத்தனை நேரமும் நாற்காலியில் ஆள் இருந்தால், ஒரு மணி நேரத்துக்கு 160 ரிங்கிட் வந்தாலே செலவு ஈடாகிவிடும். நடப்பில் அப்படி எந்த கிளினிக்கும் நிறைவதில்லை. 70 விழுக்காடு நிறைந்தால், அதாவது 140 மணி நேரம் ஓடினால், மணிக்கு ஏறக்குறைய 229 ரிங்கிட் வேண்டும். பாதி நேரம் காலியாக இருந்தால் 320.

செலவு ஒன்றுகூட மாறவில்லை. நாற்காலி காலியாக இருந்ததால் மட்டுமே ஒரு மணி நேரத்தின் அடக்க விலை இரட்டிப்பாகிவிட்டது. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. ஒரே வட்டாரத்தில் கிளினிக்குகள் கூடக் கூட, இருக்கும் நோயாளிகள் பிரிந்து போகிறார்கள். ஒவ்வொரு நாற்காலியும் காலியாக நிற்கும் நேரம் கூடுகிறது. அந்தக் காலி நேரத்துக்கான செலவை, வந்து உட்காரும் நோயாளிதான் சுமக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடை கூடியும் விலை இறங்கவில்லை.

இப்போது சிகிச்சைகளை இந்த 229 ரிங்கிட் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்போம்:

1. ஸ்கேலிங்: கட்டணம் 120, நேரம் அரை மணி. கையுறை, உறிஞ்சு குழாய் முதலிய பொருள்களுக்கு 15 போக, மணிக்கு 210. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே.

2. சொத்தை அடைப்பது: கட்டணம் 130, நேரம் 40 நிமிடம். பொருள் செலவைக் கழிக்காமலே மணிக்கு 195. இதுவும் கீழே.

3. கடைவாய்ப் பல் ரூட் கெனால்: கட்டணம் 1,000, மூன்று முறை வர வேண்டும், மொத்தம் மூன்றரை மணி நேரம். பொருள்களுக்கு 150 போக, மணிக்குச் சுமார் 243. கோட்டை ஒட்டித்தான் நிற்கிறது.

4. கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை): கட்டணம் 1,200, உறையைச் செய்து தரும் லேபுக்கு 300, நேரம் ஒன்றரை மணி. மணிக்கு 600.

ஆயிரம் ரிங்கிட் வாங்கும் ரூட் கெனாலில் மருத்துவருக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அது ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அருகில் போய்ப் பார்த்தால் புரியும். மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள். கால்வாய்கள் பெரும்பாலும் நான்கு. நான்காவது, முன்பக்க வேருக்குள் முடி அளவுக்கு ஒளிந்திருக்கும். பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டி, எச்சில் உள்ளே போகாமல் காத்து, ஒவ்வொரு கால்வாயின் நீளத்தையும் அளந்து, மெல்லிய அரம் விட்டுச் சுத்தம் செய்து, கிருமிநாசினித் திரவத்தால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு வருடம் கழித்து அதே பல் மறுபடியும் விண் விண்ணென்று தெறிக்கும். இதில் அவசரப்பட முடியாது. அவசரப்படுபவரிடம் போகவும் கூடாது.

கணக்கு எந்தப் பக்கம் தள்ளுகிறது

மேலே உள்ள நான்கு வரிகளை இன்னொரு முறை பாருங்கள். ஸ்கேலிங்கும் சொத்தை அடைப்பும் கோட்டுக்குக் கீழே, கிரவுன் மிக மேலே. நாற்காலி காலியாகக் கிடக்கும் கிளினிக் எந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க ஆசைப்படும்? அடைத்தாலே போதும் என்ற பல்லுக்குக் கிரவுன், ஸ்கேலிங்குக்கு வந்தவருக்கு வெனீர் (முன்பல் மேல் ஒட்டும் மெல்லிய ஓடு) தொகுப்பு, பள்ளிப் பிள்ளைக்கு அவசரப்பட்டுப் பிரேசஸ் (பல் கம்பி). எல்லா மருத்துவரும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்வது அநியாயம். ஆனால் கடன் தவணை கழுத்தை நெரிக்கும்போது மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் கணக்கே காட்டிவிடுகிறது.

இதில் பெரிய இழப்பு கிளினிக்குக்குத்தான். தேவையில்லாத கிரவுனுக்கு 1,200 கொடுத்தவர் திரும்ப வருவதில்லை. தன் அக்காவிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுகிறார். பினாங்கு சின்ன ஊர். நம் சமூகம் அதைவிடச் சின்னது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பேசப்படும் பேச்சை எந்த விளம்பரமும் அழிக்காது.

திரும்பி வருகிறவர்கள்

சரி, நாற்காலியை நேர்மையாக நிரப்ப வழி என்ன? பெரும்பாலும் ஒன்றுதான்: வந்தவரைத் திரும்ப வர வைப்பது.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேர் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறார்கள் என்றால் 2,000 வருகை. மாதத்துக்கு 167. ஒவ்வொருவருக்கும் அரை மணி என்றால் ஏறக்குறைய 83 மணி நேரம். நமக்கு நிரம்ப வேண்டிய 140 மணி நேரத்தில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு இதிலேயே நிறைந்துவிடுகிறது. மிச்ச நேரம், அந்தப் பரிசோதனைகளில் தெரியவரும் சிறு சொத்தைகளாலும், அவர்கள் கூட்டி வரும் குடும்பத்தாராலும் தானாக நிறையும். தனியாகப் பார்த்தால் நஷ்டம் போலத் தெரிந்த ஸ்கேலிங்தான் கிளினிக்கின் அச்சாணி.

நோயாளிக்கும் இதுவே நல்லது. ஆறு மாதத்தில் கண்டுபிடித்த சொத்தை அடைப்போடு முடியும். மூன்று வருடம் கழித்துக் கண்டுபிடித்தது வேர் வரை போயிருக்கும்.

மறு அழைப்பு என்பது வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ஒரே செய்தி அனுப்புவது என்று நினைக்கக் கூடாது. நாற்காலியை விட்டு எழும்பும் முன்பே அடுத்த தேதியைக் கொடுப்பது முதல் படி. 'இடது பக்கக் கீழ்ப் பல்லில் ஒரு கறை இருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், ஆறு மாதத்தில் பார்ப்போம்' என்று காரணத்தோடு சொன்னால் வருகிறார்கள். வெறும் 'செக்அப்' என்றால் மறந்துவிடுகிறார்கள். செபராங் பிறைப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு பெரியவர், கூச்சத்துக்கும் வலிக்கும் குத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில்தான் சொல்ல முடியும். முகப்பில் இருக்கும் பெண் 'எப்படி வலிக்குது ஐயா, விட்டு விட்டா, ஒரேயடியாவா?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

வராமல் போகிறவர்களின் கணக்கு இதன் மறுபக்கம். நாளுக்கு இரண்டு பேர் சொல்லாமல் வராவிட்டால் ஒரு மணி நேரம் போச்சு. மாதத்துக்கு 25 மணி நேரம், மணிக்கு 229 வீதம் 5,725 ரிங்கிட். மேலே எழுதிய வாடகையைவிட அதிகம். முதல் நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு, இடம் காலியானால் உடனே கூப்பிட ஒரு காத்திருப்புப் பட்டியல், இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. தைப்பூசம், தீபாவளி, சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்கள் எப்படி இருக்கும் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்து வைப்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

பின்னறையில் நடப்பது

நோயாளி பார்க்காத ஓர் அறை இருக்கிறது. கிளினிக்கின் வேகத்தையும் நம்பகத்தையும் தீர்மானிப்பது அந்த அறைதான்.

பல்லைக் கடையும் ஹேண்ட்பீஸ் வாயிலிருந்து வெளியே வந்ததும் துடைத்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் உட்குழாய்க்குள் எச்சிலும் ரத்தமும் இழுக்கப்பட்டிருக்கும். கழுவி, எண்ணெய் விட்டு, பையில் போட்டு முத்திரையிட்டு, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கக் கருவியில் வைக்க வேண்டும். 134 டிகிரி நீராவியில் குறைந்தது மூன்று நிமிடம் நின்றாக வேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்கு முன்னே காற்றை வெளியேற்றும் நேரம், பின்னே உலர்த்தும் நேரம் எல்லாம் சேர்ந்தால் ஒரு சுற்று முக்கால் மணி வரை போகும். கழுவி அடுக்கும் நேரத்தையும் கூட்டினால் ஒரு மணி நேரம்.

இப்போது எண்ணுங்கள். அரை மணிக்கு ஒரு நோயாளி என்றால், ஒரு ஹேண்ட்பீஸ் சுத்தமாகித் திரும்புவதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். நான்கு இருந்தால்தான் தடங்கல் இல்லாமல் ஓடும். அதில் ஒன்று பழுதுக்குப் போனால் மூச்சு முட்டும். இரண்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு நாளுக்குப் பதினைந்து பேரைப் பார்க்கும் கிளினிக் ஒன்று இருந்தால், அங்கே எது விட்டுக்கொடுக்கப்படுகிறது என்று யோசிக்க வேண்டும்.

பையின் மேல் நிறம் மாறும் கோட்டைப் பார்த்து நோயாளிகள் திருப்தி அடைகிறார்கள். அந்தக் கோடு, பை சூட்டுக்குள் போய் வந்தது என்பதை மட்டுமே காட்டும். உள்ளே கிருமி செத்ததா என்று காட்டுவது ஸ்போர் சோதனை, அதாவது எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்துப் பார்ப்பது. அதைச் செய்து தேதியோடு பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மருத்துவர் சந்தோஷமாகவே காட்டுவார்.

ஆட்கள்

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட் ஆனது. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் இடங்களுக்கு அது 2025 ஆகஸ்ட் 1 முதல். ஆனால் பல் மருத்துவம் போன்ற நிபுணத்துவத் தொழில்களுக்கு, ஆள் எத்தனை பேர் என்றாலும், பிப்ரவரி தேதிதான். தொடக்கச் சம்பளம் உயர்ந்தால் ஐந்து வருடம் அனுபவம் உள்ளவரின் சம்பளத்தையும் உயர்த்தத்தான் வேண்டும். உயர்த்தாவிட்டால் அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அவரோடு நானூறு நோயாளிகளின் முகமும் பெயரும் போய்விடும். உதவியாளரை மாற்றிக்கொண்டே இருக்கும் கிளினிக்கில் மறு அழைப்பு வேலை செய்யாது.

இன்னொரு வாய்ப்பு பினாங்கின் சொந்தக் கதையோடு சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் பல் தாதியருக்கான பயிற்சிப் பள்ளி 1949இல் பினாங்கில்தான் தொடங்கியது, நியூசிலாந்து முறையைப் பின்பற்றி. பள்ளிக்கூடத்துக்கு வந்து வாயைத் திறக்கச் சொன்ன அந்த 'மிஸ்ஸி'களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். பல் சிகிச்சையாளர் என்று இப்போது அழைக்கப்படும் இவர்கள் நெடுங்காலம் அரசாங்கப் பணியில் மட்டுமே இருக்க முடிந்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் தனியார் துறையையும் திறந்துவிட்டது. பிள்ளைகளின் பல்லைப் பார்க்கப் பழகிய கை இரண்டாவது நாற்காலியில் இருந்தால், மருத்துவர் ரூட் கெனாலில் மூழ்கியிருக்கும் நேரத்திலும் கிளினிக் ஓடும். இந்த வழியை யோசிக்கும் கிளினிக்குகள் இன்னும் கூட வேண்டும்.

பேனலும் மேடான் நோயாளியும்

தொழிற்சாலைப் பேனல் கிடைத்தால் நாற்காலி நிறையும் என்பது உண்மை. ஆனால் கட்டணம் ஒப்பந்தப்படி குறைவு, பணமும் உடனே கைக்கு வராது. வருகையில் பெரும்பகுதி பேனலாக இருந்தால், மாதக் கடைசியில் புத்தகத்தில் லாபம் இருக்கும், வங்கியில் சம்பளம் போடப் பணம் இருக்காது.

மேடானிலிருந்து சிகிச்சைக்கு விமானம் ஏறி வரும் இந்தோனேசியர்களை நம்பித் திட்டம் போடுபவர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். பல் வேலை சிலருக்குத்தான். இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்) எலும்போடு சேர மூன்று மாதமாவது வேண்டும், அதனால் இரண்டு பயணம் ஆகும். பிரேசஸ் சரிவராது. கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளலாம், அடித்தளமாக வைக்க முடியாது.

வரியும் ரசீதும்

2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 ரிங்கிட் வரை தனிநபர் வருமான வரிக் கழிவு உண்டு. மருத்துவச் செலவுக்கான 10,000 ரிங்கிட் வரம்புக்குள் இது அடங்கும். முறையான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குகளும் இதை நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்லலாம். தள்ளிப்போட்ட அடைப்பைச் செய்துகொள்ள இது ஒரு நல்ல காரணம்.

மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முறை, ஆண்டு வருவாய் 10 லட்சம் முதல் 50 லட்சம் ரிங்கிட் வரை உள்ள தொழில்களுக்கு 2026 ஜனவரி 1 முதல் வந்திருக்கிறது. நம் எடுத்துக்காட்டுக் கிளினிக் அந்த அளவுக்கு வராது. கிளை திறந்ததும் வரலாம்.

2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளில் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை வந்தபோது, இனி பல் செலவும் குறையும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். பல் கிளினிக் பில்லில் மாத்திரை ஒரு சின்ன வரிதான். மற்றதெல்லாம் நாற்காலி நேரம்.

மலிவு விலைப் பல் கம்பி

விலை எட்டாதவர்கள் தங்கும் விடுதியிலும் அழகு நிலையத்திலும் பல் கம்பி மாட்டிக்கொள்ளப் போகிறார்கள். 2017இல் மலாக்காவில் பதிவில்லாமல் இப்படிச் செய்த 20 வயதுப் பெண்ணுக்கு 70,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. பலர் அவர்மேல் இரக்கப்பட்டு நன்கொடை திரட்டினார்கள். இரக்கம் புரிகிறது. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது? எக்ஸ்ரே இல்லை, ஆட்டோகிளேவ் இல்லை, கழிவுக்குச் செலவில்லை, ஈறு வீங்கினால் பொறுப்பேற்க ஆளும் இல்லை. பல்லை இழுக்கும் விசை அளவு தப்பினால் வேர் கரையும். கரைந்த வேர் மறுபடி வளராது. அரசாங்கப் பல் கிளினிக்கில் 1 ரிங்கிட் கொடுத்துப் பதிந்து வரிசையில் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

ஓடும் கிளினிக்கை விலைக்கு வாங்கினால்

புதிதாகத் தொடங்குவதைவிட ஓய்வு பெறும் மருத்துவரின் கிளினிக்கை வாங்குவது நல்லது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். நல்லதாகவும் அமையலாம். அமைச்சின் பதிவு, சாவியோடு சேர்ந்து கைமாறிவிடும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அப்புறம், எக்ஸ்ரே உரிமம், வாடகை ஒப்பந்தத்தின் மிச்ச ஆண்டுகள், ஆட்டோகிளேவின் வயது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு. விற்பவர் அலமாரியைத் திறந்து '6,000 நோயாளிகள் இருக்கிறார்கள்' என்று அட்டைகளைக் காட்டுவார். அதில் கடந்த 18 மாதத்தில் திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணித் தரச் சொல்லுங்கள். 900 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு முறை என்றால் மாதத்துக்கு 150 வருகை, 75 மணி நேரம். வேண்டியது 140. மிச்சம் 65 மணி நேரத்தை வாங்குபவர்தான் தேடி நிரப்ப வேண்டும், கடன் தவணையோ முதல் மாதமே தொடங்கிவிடும். விலை பேச வேண்டியது அந்த 75 மணி நேரத்துக்கு.